தெய்வானையின் வாய்ப் பரிட்சை

கிளட்ச்சை முழுசா அமுத்துங்க டீச்சர். முழுசா. பல்லைக் கடிக்க வேண்டாம், காலை அமுத்தினாப் போதும். இப்ப ஃபர்ஸ்ட் கியர் போட்டு மெதுவா விடுங்க. மெதுவா... பாருங்க, ஆஃப் ஆயிருச்சு. பரவால்ல, பழகற வரைக்கும் எல்லாத்துக்கும் ஆகறதுதான். என்ற காலடியிலயும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் இருக்குதுங்க, நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதீங்க. மறுக்கா ஸ்டார்ட் பண்ணுங்க.

இந்தத் திருச்செங்கோட்டுல யாரை வேணும்னாலும் நிறுத்திக் கேளுங்க. அர்த்தநாரி மாஸ்டர்கிட்டப் படிச்சவன் டெஸ்டுல ஃபெயில் ஆனான்னு ஒருத்தன் சொல்லட்டும், நான் மீசையை எடுத்துப்போடறேன். இங்க போர் போடற ரிக் வண்டி ஓட்டற டிரைவருங்கள்ல பாதிப் பேரு என்ற கையில ஸ்டியரிங் புடிச்சவங்க. சோத்துக்கை எது பீச்சாங்கை எதுன்னே தெரியாத ஒரு புதுமாப்பிள்ளை வந்தான், அவனையே பாஸ் பண்ண வெச்சேன். எப்படின்னு கேக்கறீங்களா? டெஸ்டுல பாஸாக வண்டி ஓட்டத் தெரியணும்னு அவசியமில்லைங்க. பாக்கற ஆபீசரு என்னத்தைப் பாப்பாருன்னு தெரிஞ்சாப் போதும். அவரு கண்ணாடியைப் பாக்கறமான்னு பாப்பாரு. நீங்க கண்ணாடியில ஒண்ணும் தெரியலைன்னாலும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. அதுதான் சூட்சுமம்.

டீச்சரா இருந்துக்கிட்டு என்னைய அப்படிப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க.

ஆனா ஒரே ஒருத்தி என்ற பேரைக் கெடுத்துப்போட்டாளுங்க. வேற யாருமில்ல, என்ற ஊட்டுக்காரி தெய்வானை. அதும் வண்டி ஓட்டறதுல இல்ல. வாயைத் தொறக்கறதுல.

செகண்ட் போடுங்க, சொல்றேன்.

அவளுக்குக் கழுத்துல கழலைங்க. தைராய்டுங்கறாங்கல்ல, அது. மொதல்ல நெல்லிக்காயாட்ட இருந்துச்சு. அவ சீலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்குவா, நானும் பெருசா எடுத்துக்கல. அது பாட்டுக்கு வளந்து மாங்காயாட்ட ஆயிப்போச்சு. சோறு முழுங்கறதுக்குச் செரமப்பட ஆரம்பிச்சப்பறம்தான் ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். சர்ஜன் வயசானவரு, எச்சாப் பேச மாட்டாரு. "இது மூச்சுக் குழாயை அமுத்திட்டு இருக்குது, எடுத்தாகணும், தள்ளிப் போட்டா உசுருக்கே ஆபத்து"ன்னாரு. எனக்கு அங்கியே பயம் புடிச்சுக்கிச்சுங்க. நான் வெளியில காட்டிக்கல. அவ இல்லீன்னா எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிக்கத் தெரியாது, அது ஊருக்கே தெரியும்.

சரின்னு நாள் குறிச்சாச்சு. நான்தான் காலண்டரைப் பாத்து வளர்பிறையில ஒரு நல்ல நாளாச் சொன்னேன். சொந்தபந்தமெல்லாம் வந்து எறங்கிருச்சு. ரத்தத்துல தைராய்டு அளவு சரியில்லைன்னு திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்க. மறுக்கா நாள் குறிச்சோம், மறுக்கா சொந்தபந்தம் வந்துச்சு. அவளுக்குச் சளி புடிச்சிருச்சு. மறுபடியும் ஊட்டுக்கு. என்ற கொழுந்தியா ஒருத்தி இருக்கறா, வாய்க்கு வேலி கிடையாது. "ஏனுங்க மாமா, அக்காளுக்கு ஆபரேசன் பண்றீங்களா, இல்ல ஆர்லிக்ஸ் பாட்டில் சேத்தறீங்களா?"ன்னு எல்லாத்துக்கும் முன்னால கேட்டுப்போட்டா. சிரிக்காதீங்க டீச்சர், ஸ்டியரிங் ஆடுது.

அப்பறம் என்ன, மூணாந் தாட்டி போனோம். இந்தத் தடவை எவன் வந்து தடுத்தாலும் ஆபரேசன் முடிச்சுட்டுத்தான் திரும்பறதுன்னு ஒரே முடிவுல இருந்தேன். கொழுந்தியாளுக்காக மட்டும்னு நெனைக்காதீங்க. ஒவ்வொரு தாட்டி திரும்பி வர்றப்பவும் அந்தக் கழலை இன்னும் கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சுது எனக்கு.

ஆஸ்பத்திரி கேன்டீன்ல பள்ளிபாளையத்துக்காரரு ஒருத்தரைப் பாத்தேன், தறி ஓட்டறவரு, குடலிறக்க ஆபரேசனுக்கு வந்தவரு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு டீ குடிச்சிட்டிருந்தாரு. என்னங்கன்னேன். "சர்ஜன் ஓகே சொல்லிட்டாருங்க. மயக்க மருந்து டாக்டர்தான் வாயைத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டு, முன்பல்லு ரெண்டும் ஆடுது, பல் டாக்டர்கிட்டப் போயிட்டு வாங்கன்னுட்டாங்க. அந்த மயக்க டாக்டர் சரின்னாத்தான் ஆபரேசன் தியேட்டரு. நான் ஃபெயிலுங்க"ன்னாரு.

அவரு வாயில ஃபெயிலுங்கற வார்த்தை வந்துச்சு பாருங்க, எனக்குள்ள இருக்கற மாஸ்டர் முழிச்சுக்கிட்டான். ஓஹோ, இதும் ஒரு டெஸ்டுதானா. டெஸ்டுன்னா அப்பறம் நான் எதுக்கு இருக்கறேன்?

லாரி போகட்டும். எடது பக்கம் ஒதுங்குங்க. ம், இப்ப வாங்க.

அன்னிக்குச் சாயங்காலமே கொஸ்டின் பேப்பரை அவுட் பண்ணிப்போட்டனுங்க. ஆபரேசன் முடிஞ்சு நடமாடிட்டு இருந்தவங்களை எல்லாம் புடிச்சு, அந்த டாக்டர் என்னென்ன கேட்டாங்க, என்னென்ன செய்யச் சொன்னாங்கன்னு கறந்துட்டேன். எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான். வாயை நல்லாத் தொறக்கணும், அவங்கவங்க விரல் மூணை நிமித்தி வெச்சா உள்ள போகணும். நாக்கை வெளிய நீட்டணும், ஆனா சத்தம் வரக்கூடாது. கழுத்தை அண்ணாந்து பின்னால சாய்க்கணும். தாடையிலிருந்து தொண்டைக் குமிழி வரைக்கும் விரலை வெச்சு அளப்பாங்க. கீழ்ப்பல்லால மேல் உதட்டைக் கடிக்கச் சொல்லுவாங்க. செஞ்சு பாருங்க டீச்சர்... இப்ப வேண்டாம், இப்ப கியரை மாத்துங்க. அப்பறம் வாய்ப் பேச்சுக் கேள்வி. குறட்டை விடுவீங்களா, கட்டின பல்லு இருக்குதா, மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுதா. அவ்வளவுதான் போர்ஷன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால வண்டி நிறுத்தற எடத்துல ஒரு கட்டைச் செவரு. தெய்வானையை அதுல உக்கார வெச்சு ஆரம்பிச்சேன். அவளுக்கு வாய் அத்தனை பெருசாத் தொறக்கறதில்லைங்க. தொறடி தொறடின்னு நானும் மாரடிக்கறேன், ரெண்டு விரலுக்கு மேல போகல. "மூணாவது விரலைப் பக்கவாட்டுல சாய்ச்சு உட்டுக்கோ, அவங்களுக்குத் தெரியாது"ன்னேன். நாக்கை நீட்டறப்ப உள்நாக்கே தெரியல. மனசுக்குள்ள மெதுவா ஆன்னு சொல்லிப் பாருன்னேன். சொன்னா, உள்நாக்கு பளிச்சுனு மேல ஏறி நிக்குது. அதான் டிரிக்கு. கழுத்து பின்னால சாயமாட்டேங்குது, கழலை தடுக்குது. "கழுத்தை உட்ரு, இடுப்பை வெச்சு ஒட்டுக்கா ஒடம்பையே பின்னால சாய்"ன்னேன். வண்டி நிறுத்த வந்தவங்கெல்லாம் எங்களை ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனாங்க. புருசன் முன்னால நின்னு வாயைத் தொறந்து காட்டறான், பொண்டாட்டி செவத்து மேல உக்காந்து நாக்கை நீட்டறா. என்ன நெனைச்சாங்களோ.

கேள்விக்கெல்லாம் பதிலும் சொல்லிக் குடுத்தேன். குறட்டையா, இல்லீங்க. படுத்தா மூச்சு முட்டுதா, நல்லா வருதுங்க. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான், நல்லா இருக்கறனுங்க டாக்டர்.

"ஏனுங்க, உள்ளதைச் சொன்னாப் போச்சு. எதுக்கு இத்தனை?"ன்னு கேட்டா அவ.

"உள்ளதைச் சொல்லி எவன்டி லைசென்ஸ் வாங்கினான்?"ன்னேன்.

அப்பறம் நான் சொன்னதெல்லாம் செஞ்சா. அவ எப்பவும் அப்படித்தான்.

அடுத்த நாள் மத்தியானம் வந்தாங்க அந்த மயக்க மருந்து டாக்டர். பேரு நஸ்ரின். உங்களை விட வயசு கம்மியாத்தான் இருக்கும், பொடிசா ஒரு உருவம். இந்தப் புள்ளையா நம்ம ஊட்டுக்காரியைப் பாஸ் பண்ணப் போகுதுன்னு எனக்கு ஒரே தெம்பு. கட்டில் ஓரமா உக்காந்து, "சாப்டீங்களாம்மா"ன்னு கேட்டுட்டு, வாயைத் தொறக்கச் சொன்னாங்க. தொறந்தா. விரலை வெக்கச் சொன்னாங்க. மூணாவது விரலைச் சாய்ச்சு வெச்சா. டாக்டர் அந்த விரலைப் புடிச்சு நேரா நிமித்தினாங்க. விரலு வெளிய வந்துருச்சு.

"நாக்கை நீட்டுங்கம்மா, சத்தம் போடாம."

நீட்டினா. அவளுக்கு மனசுக்குள்ள சொல்லத் தெரியலைங்க, வாய்விட்டே ஆஆன்னுட்டா.

"இப்ப சத்தமே இல்லாம"ன்னாங்க டாக்டர். டார்ச்சை அடிச்சுப் பாத்தாங்க. "கழுத்தைச் சாய்ங்க." இவ இடுப்போட பின்னால போனா. டாக்டர் ஒரு கையை எடுத்து அவ முதுகுல வெச்சுக்கிட்டு, "இப்ப சாய்ங்க"ன்னாங்க. தலை அசையவே இல்ல.

எனக்குப் பொறுக்கல. "டாக்டர், பதட்டத்துல செய்யறா. இப்படித் தொறடி"ன்னு நானே வாயைப் பொளந்து காட்டினேன். அந்தம்மா டார்ச்சைத் திருப்பி என்ற வாய்க்குள்ள அடிச்சுப் பாத்துச்சுங்க. ஒரு நொடிதான். "ஐயா, உங்களுக்கு எப்பவாச்சும் ஆபரேசன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க. உங்க தொண்டையும் லேசுப்பட்டதில்ல. குறட்டை பலமா வருமே?"ன்னுச்சு. பக்கத்துக் கட்டில்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சுப்போட்டாங்க. எத்தனை பேரைப் பாஸ் பண்ண வெச்சவன் நானு, என்னைய நிக்க வெச்சு ஃபெயில் பண்ணுச்சு அந்தப் புள்ளை. பரிட்சைக்கே வராதவனை ஃபெயில் பண்ணலாமுங்களா டீச்சர்? எந்த ஊர் நியாயம் இது?

ஸ்பீடு பிரேக்கர். ஸ்லோ பண்ணுங்க. அவ்வளவு ஸ்லோ வேண்டாம், பின்னால இருக்கறவன் எறங்கி வந்துருவான்.

அப்பறம் கேள்வி. "குறட்டை விடுவீங்களாம்மா?" நான் முந்திக்கிட்டேன். "கிடையவே கிடையாதுங்க டாக்டர், பூனையாட்டத் தூங்குவா." "எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பாங்க?" "ஒண்ணுதானுங்க." "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாங்க?" இது போர்ஷன்லயே இல்லைங்க. நான் கொஞ்சம் யோசிச்சேன். யோசிச்சு, சோத்துக்கைப் பக்கம்னேன். தெய்வானை என்னையப் பாத்தா. நான் சொன்னது தப்புன்னு அப்பவே தெரிஞ்சுது, ஆனா பீச்சாங்கைப் பக்கம் போலன்னுதான் நெனைச்சேன்.

"சரிம்மா, கொஞ்ச நேரம் மல்லாக்கப் படுங்க பாக்கலாம்"னாங்க டாக்டர்.

படுத்தா. படுத்த ஒடனே அவ மூஞ்சி மாறுதுங்க. கட்டில் கம்பியை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டா. தொண்டையில விசில் அடிக்கறாப்புல ஒரு சத்தம் வருது. அப்பவும் எந்திரிக்கல. என்னையே பாக்கறா. நான் கண்ணைக் காட்டினேன், பொறுத்துக்கோன்னு. பொறுத்துக்கிட்டாளுங்க. நான் சொன்னேங்கறதுக்காகப் பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கிட்டுக் கெடந்தா. உதட்டுல நெறம் மாறிருச்சு. டாக்டர் ஒரே தாவாத் தாவி அவளைத் தூக்கி உக்கார வெச்சுட்டாங்க. அந்த விசில் சத்தம் இப்பவும் காதுல கேக்குது டீச்சர்.

அவ மூச்சு வாங்கி முடிக்கற வரைக்கும் டாக்டர் முதுகைத் தடவிக் குடுத்துட்டே இருந்தாங்க. அப்பறம் என்னையப் பாக்காம அவளைப் பாத்துக் கேட்டாங்க. "ஊட்டுல எப்படிம்மா தூங்கறீங்க?"

"ரெண்டு வருசமா உக்காந்துதானுங்க தூங்கறேன். சமையல்கட்டுல அரிசி மூட்டை இருக்குது, அதுல சாஞ்சுக்குவேன்"னா.

நான் அசந்துபோயிட்டேன். ரெண்டு வருசமா இவ கட்டில்லயே இல்லையாமா. நான் படுத்தா அப்பறம் விடிஞ்சாத்தானுங்க தெரியும். விடியறப்ப அவ காப்பியோட நிப்பா. எங்கிருந்து எந்திரிச்சு வந்தான்னு யாரு கேக்கறாங்க?

"ஏன்மா இதை மொதல்லயே சொல்லல?"ன்னாங்க டாக்டர். அவ என்ற பக்கம் கையைக் காட்டிப்போட்டா. "சொன்னா ஃபெயில்னாருங்க"ங்கறா. பாத்தீங்களா, மாட்டிக்கிட்ட பையன் வாத்தியாரைக் காட்டிக் குடுக்கற மாதிரி.

டாக்டருக்குக் கோவம் வரும்னு பாத்தேன். வரலைங்க. நிதானமாச் சொன்னாங்க. "இது பாஸ் ஃபெயில் பரிட்சை இல்லைங்க ஐயா. மயக்கம் குடுத்துட்டா அவங்களா மூச்சு விட மாட்டாங்க. நான்தான் தொண்டை வழியாக் குழாயை எறக்கி மூச்சுக் குடுக்கணும். அந்த வழி எப்படின்னு முன்னாலயே தெரிஞ்சா அதுக்குத் தகுந்த ஏற்பாட்டோட போவேன். தெரியாமப் போய் மாட்டிக்கிட்டா யோசிக்கக்கூட நேரம் இருக்காது." அப்பறம் திடீர்னு, "நீங்க டிரைவிங் மாஸ்டராமே, ஏற்காடு ரோட்டுல கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால இருக்கற போர்டை ஒருத்தன் புடுங்கிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"ன்னாங்க.

"புடுங்கினவனைக் கட்டி வெச்சுத் தோலை உரிப்பனுங்க டாக்டர்"னேன்.

அந்தம்மா சும்மா என்னையே பாத்துச்சு. ஆஸ்பத்திரியில எதுக்கு மலை ரோட்டைப் பத்திப் பேசறாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல. தெய்வானைக்கு என்ன புரிஞ்சுதோ, சீலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சா.

ஆக, ஃபெயில். அதாவது அவங்க ஃபெயில்னு சொல்லலை, ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு வேற முறையில பண்றோம், நாள் கொஞ்சம் தள்ளுதுன்னாங்க. எனக்கு ஃபெயில்தான் அது. கொழுந்தியா ஆர்லிக்ஸோட பஸ் ஏறிட்டா. நான் போன் பண்ணி எறங்கிக்கச் சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்பு பஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு நான் வாசல்லயே நின்னேன். உக்கார முடியல. உள்ள என்ன நடந்துச்சுன்னா, மயக்கம் குடுக்காமயே, அவ முழிச்சு உக்காந்திருக்கறப்பவே, மூக்குக்கும் தொண்டைக்கும் மரத்துப்போற மருந்தை அடிச்சு, நுனியில கேமரா வெச்ச சன்னமான குழாயை மூக்கு வழியா எறக்கியிருக்கறாங்க. மூச்சுக் குழாய்க்குள்ள அது போய்ச் சேந்தப்பறம்தான் மயக்கம். டாக்டர் மூச்சை இழுங்கன்னா இழுத்திருக்கறா, அசையாதீங்கன்னா அசையாம இருந்திருக்கறா. எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து டாக்டர் சொன்னாங்க, "நல்லா ஒத்துழைச்சாங்க. மல்லாக்கப் படுக்க வெச்சு வழக்கம் போல மயக்கம் குடுத்திருந்தாக் கஷ்டமாயிருக்கும்."

"கஷ்டம்னா என்னங்க டாக்டர்?"

"கஷ்டம்தாங்க ஐயா."

அதுக்கு மேல நான் கேக்கல. கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு, செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்பறம் சுதாரிச்சுக்கிட்டு, "நல்லா ஒத்துழைச்சான்னா அது என்ற கோச்சிங்ங்க டாக்டர், மொத நாளே நாக்கை நீட்டறதெல்லாம் பழக்கி விட்டுட்டேன்"னேன். டாக்டர் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க.

இப்ப நல்லா இருக்கறா. கழுத்துல ஒரு கோடுதான் தெரியும். மல்லாக்கப் படுத்துத் தூங்கறா. கொஞ்ச நாளைக்குக் குரல் மட்டும் கம்மியிருந்துச்சு, காத்துதான் வரும். அந்தக் காத்துக் குரல்லயே பேச ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் கேட்டுப்போட்டேன். மனசுல கெடந்து அரிச்சிட்டே இருந்துச்சுங்க, கேக்காம இருக்க முடியல.

"ஏன்டி, ரெண்டு வருசமா அரிசி மூட்டையில சாஞ்சு தூங்கியிருக்கற. என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னனுங்க"ன்னா.

"எப்பச் சொன்ன?"

"மூச்சு முட்டறப்பல்லாம் வந்து உங்களைத் தொட்டுச் சொன்னேன். நீங்க தூங்கிட்டு இருப்பீங்க."

தூங்கறவன்கிட்டச் சொன்னா எப்படிங்க டீச்சர் கேக்கும்? எனக்குக் கோவம் வந்துருச்சு. "முழிச்சிருக்கறப்பச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"ன்னேன்.

"முழிச்சிருந்தா நீங்கதானுங்களே பேசிட்டு இருப்பீங்க"ன்னா.

பாருங்க அவ பேச்சை. காத்துக் குரல்ல, தையல் போட்ட தொண்டையை வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது? நீங்களே சொல்லுங்க டீச்சர், படிச்சவங்க, மனசுல பட்டதைச் சொல்லுங்க. நான் அத்தனையா பேசறேன்? சும்மா தைரியமாச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்... ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க, முன்னால பஸ்சு. பிரேக்குல காலை வைங்க. இப்ப வாயைத் தொறக்காதீங்க டீச்சர். வண்டி ஓட்டறப்பப் பேசக் கூடாதுங்க.